சின்னலெப்பை உள்ளே போனாரா?

மன்னார்–முள்ளிக்குளம் பஸ்ஸில் கொண்டக்டராக இருக்கும் மர்சூக்குக்குச் சிலாவத்துறையில் நல்ல பெயர். வெள்ளிக்கிழமை மத்தியானப் பயணத்தை அவன் தானாகக் கேட்டு எடுத்துக்கொள்வான். மற்றவர்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போகட்டும் என்று இந்தப் பிள்ளை கொதிக்கிற வெயிலில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறதே என்று பலர் மெச்சியிருக்கிறார்கள். பயணத்தில் இருப்பவனுக்குச் சலுகை இருக்கிறது என்று மர்சூக்கும் அடக்கமாகச் சொல்லிவைப்பான். ஆனால் அந்தப் பஸ்ஸின் சாரதி பஸ்ரியன், பேசாலைக் கத்தோலிக்க வேதக்காரர். மாற்றுக் கொண்டக்டர் சுகந்தன், நானாட்டான் பக்கத்துச் சைவக்காரன். ஜும்ஆவுக்குப் போக வேண்டிய ஆள் அந்தப் பஸ்ஸில் மர்சூக் ஒருவன்தான். யாருக்காக விட்டுக்கொடுக்கிறான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மெச்சத் தொடங்கிவிட்டால் சனம் யோசிப்பதில்லை.

உண்மை இதுதான்: அவனுக்குப் பள்ளிவாசலுக்குள் போகக் கால் வரவில்லை. ஐந்து வருசமாக வரவில்லை.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது அவனுக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு வளர்ந்ததெல்லாம் புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில். அவனுடைய வாப்பா அங்கே ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி ஒன்றே ஒன்றைத்தான் கேட்பார்: என் மையித்து சிலாவத்துறை மண்ணில் அடங்க வேண்டும். பெரிய ஆசை ஒன்றும் இல்லை, ஆறடி மண். யுத்தம் முடிந்து பாதை திறக்க இன்னும் ஒரே ஒரு மழைக்காலம் இருக்கும்போது வாப்பா மௌத்தானார். புத்தளத்திலேயே அடக்கினார்கள். அடுத்த வருசம் மர்சூக் மனைவி பிள்ளைகளோடு சிலாவத்துறைக்கு வந்து, காடு மண்டிய வளவைத் துப்புரவாக்கி, கூரை போட்டான். வாப்பா கேட்ட மண் அவனுக்குக் கிடைத்தது. வாப்பாவுக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கணக்கை யாரிடம் போய்க் கேட்பது? கேட்க வேண்டியவனிடம் கேட்கப் பயந்து, அவன் வீட்டுப் பக்கமே போகாமல் விட்டுவிட்டான்.

மனைவி கேட்டால் வேலை என்பான். வேலை இல்லாத நாளில் தலையிடி என்பான். மற்றபடி சிரித்த முகம். கிழவிகளின் மூட்டையைத் தூக்கி ஏற்றிவிடுவான், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இடம் பிடித்துக் கொடுப்பான். அவனை நம்பிக் கைக்குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு ஏறுகிற பெண்கள்கூட உண்டு.

அவனுக்கு ஒரு பழைய பைத்தியமும் இருந்தது, வானொலி நாடகம். புத்தளத்துக் கொட்டிலில் இருந்த காலத்தில் ‘சோளகக் கரை’ என்று ஒரு தொடர் போனது. வள்ளங்கள் வைத்துத் தொழில் நடத்தும் ஒரு சம்மாட்டி குடும்பத்தின் கதை. காதல், சொத்துச் சண்டை, வள்ளம் கவிழ்தல் எல்லாம் உண்டு. அதில் சிரிப்புக்கென்று ஒரு பாத்திரம், சின்னலெப்பை. ஒரு சின்ன வள்ளமும் கொஞ்சம் மீன் வியாபாரமும் வைத்திருக்கிற ஆள். வந்தால் ஒரே வசனம்தான்: “அல்லா மேல ஆணை, இது இண்டைக்குப் பிடிச்ச மீன்.” உடனே பின்னணியில் ஈ இரையும் சத்தம் போடுவார்கள். நாடு முழுக்கச் சிரிக்கும். மர்சூக்கும் சிரித்தவன்தான். ஆனால் வகுப்பில் அவன் எந்த உண்மையைச் சொன்னாலும் பின்வரிசை வாங்கிலிருந்து ஈ இரையத் தொடங்கியபோது, சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. தொடர் பாதியில் நின்றுபோனது. சின்னலெப்பை என்ன ஆனார் என்று எழுதியவர்களே கவலைப்படவில்லை.

இரண்டாயிரத்துப் பதினான்கில் அவன் ஒரு நல்ல போன் வாங்கினான். மன்னார் பஸ் நிலையத்தில் அடுத்த பயணத்துக்காகக் காத்திருக்கும் நேரம். கழுதைகள் பஸ்ஸின் நிழலுக்கு ஒதுங்கி நிற்க, பஸ்ரியன் ஆசனத்தில் சாய்ந்து குறட்டை விட, இவன் சும்மா ‘சோளகக் கரை’ என்று தேடிப் பார்த்தான். கனடாவில் யாரோ நடத்திய பழைய நேயர் பக்கம் ஒன்று வந்தது. நின்றுபோன நாடகத்தை நேயர்கள் ஆளாளுக்குத் தொடர்ந்து எழுதி வைத்திருந்தார்கள். கதாநாயகியை நாலு பேர் நாலு விதமாகக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே வாழ்த்தும் சண்டையுமாக ஒரு திருவிழாக் கூட்டம். அடியில், ஒருவரும் எட்டிப் பார்க்காத மூலையில், ‘முத்துச்சிப்பி’ என்ற பெயரில் ஒருவர் எழுதிய ஒன்பது அத்தியாயம் கிடந்தது. தலைப்பு, ‘சின்னலெப்பையின் ஆணை’. ஒரு கருத்துக்கூட இல்லை.

ஈ இரையும் என்று நினைத்துக்கொண்டுதான் திறந்தான். முதல் அத்தியாயத்திலேயே சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தச் சின்னலெப்பை ஒரு காலத்தில் ஐந்து நேரமும் தொழுதவர். அல்லாஹ்விடம் அவர் கேட்டது ஒன்றுதான், உம்மாவின் மூச்சு சொந்த வீட்டில் அடங்க வேண்டும். உம்மா இரவல் கொட்டிலில், யாரோ ஒருவருடைய தேங்காய்க் கொட்டகைக்குப் பின்னால் செத்துப்போனா. அன்றைக்குப் பிறகுதான் அவர் பொய்க்கெல்லாம் ஆணையிடத் தொடங்கினார். எழுதியவர் அதை இப்படிச் சொல்லியிருந்தார்: ‘உண்மை சொல்லிக் கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்காதவன், பொய்க்குக் கூப்பிட்டாலாவது கோபத்தில் திரும்பிப் பார்க்கட்டும் என்றுதான் சின்னலெப்பை ஆணையிட்டார்.’

மர்சூக் அந்த வரியை வாசித்துவிட்டுப் போனை மடியில் வைத்தான். அவனுக்கு அழுகை வந்தது. பஸ் நிலையத்தில், பட்டப்பகலில், கழுதைகள் பார்த்துக்கொண்டு நிற்க அழுதான். இருபது வருசமாகச் சிரிப்புக்கு வைத்திருந்த ஆளுக்குள் தன்னைப் போல ஒருவன் இருந்திருக்கிறான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

ஒன்பதாம் அத்தியாயத்தில் சின்னலெப்பை கனகாலத்துக்குப் பிறகு பள்ளிவாசலுக்கு வருகிறார். ஹவுள் தொட்டியில் கால் கழுவி, படியில் ஏறி, வாசலில் நிற்கிறார். ‘நின்றபடி நிற்கக் கால் காய்ந்துவிட்டது. இறங்கிப் போய் மறுபடி கழுவிக்கொண்டு வந்தார்.’ அவ்வளவுதான். கதை அதோடு நிற்கிறது. அதற்குப் பிறகு ஆறு வருசமாக ஒரு வரி இல்லை.

அவர் உள்ளே போனாரா, திரும்பினாரா? மர்சூக்குக்கு இது தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. அந்த மனிசன் உள்ளே போயிருந்தால் தனக்கும் ஒரு வழி இருக்கும் என்று அவனுக்குப் பட்டது. இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள், ஆகவே சொல்லவில்லை. கதையை மட்டும் மன்னாரில் அச்சடித்து எடுத்து, பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் ஹலீம் ஹாஜியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். நம்மட பெரிய மௌலவி யாரோ பேர் மறைத்து எழுதியிருக்கிறார், ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆரவாரமாகச் சொன்னான்.

ஹாஜியார் ஆறுதலாக வாசிக்கிறவர். மூன்று நாள் கழித்துக் கடைவாசலில் அவனைக் கூப்பிட்டு நிறுத்தினார். எழுத்து நல்லம், நெஞ்சைத் தொடுகிறது என்று முதலில் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆனா மகன், இவர் உம்மாவுக்கு முப்பத்தொண்டு குடுக்கிறார். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போறார். ஞாயிற்றுக்கிழமை வள்ளத்தக் கரையில ஏத்திப்போட்டு, குளிச்சு வெள்ளச் சட்ட போடுறார். இவர் எந்த ஊர் மௌலவி?”

மர்சூக்குக்கு முகம் சிவந்துவிட்டது. நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவது அவர்களுடைய வழக்கம்; முப்பத்தோராம் நாள் கொடுப்பது தமிழர் வழக்கம், சைவரும் வேதக்காரரும் கொடுப்பார்கள். இந்தக் கரையில் முஸ்லிம் வள்ளங்கள் வெள்ளிக்கிழமை ஓய்வு, வேதக்காரர் வள்ளங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ஞாயிறு ஓய்ந்தே பழகிய கை ஒன்று, கடலுக்குப் போகிற எல்லாருக்கும் ஞாயிறுதான் ஓய்வு என்று தன்பாட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. இவன் அழுத அழுகையில் கிழமையைக் கவனிக்கவில்லை.

பஸ்ரியனிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் அரிப்பு என்ற ஊரடியில் பஸ்ஸை ஓரம் கட்ட வேண்டி வந்தது. எங்கட ஆக்கள்தான் ஆரோ, சந்தேகமே இல்லை, சின்னலெப்பைக்கு ஞானஸ்நானம் குடுக்காமல் விட்டது உன்ரை நல்ல காலம் என்றார். மர்சூக்கால் சிரிக்க முடியவில்லை. அவனுக்குக் கோபம் வந்தது. இருபது வருசம் கிடுகுக் கொட்டிலில் கிடந்தது நாங்கள், எங்கட நோவை எடுத்து எழுத இவைக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் குமுறினான். அச்சடித்த தாள்களை ஆசனத்துக்கு அடியில் தள்ளிவிட்டான். ஒரு கிழமை அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

ஆனால் கோபத்துக்கும் ஒரு அளவு உண்டு. வங்காலைச் சந்தியில் பஸ் நிற்கும்போதும், சிலாவத்துறையில் தேத்தண்ணி குடிக்கும்போதும், கால் காய்ந்து மறுபடி கழுவப் போன அந்த மனிசன் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தார். கிழமை பிழைத்திருக்கலாம். முப்பத்தொன்றும் பிழைத்திருக்கலாம். அந்தக் கால் பிழைக்கவில்லை. போன நோன்புப் பெருநாள் அன்று இவனும் அப்படித்தான் ஹவுளடியில் நின்று கழுவிக் கழுவி, கடைசியில் பிள்ளைக்குத் தண்ணி விடாய் என்று பொய் சொல்லித் திரும்பினான். அதை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காத ஒருவர் எப்படி எழுதினார்?

ஒரு நாள் கதையின் அடியில் முதல் கருத்தை அவன் எழுதினான். ஒற்றை விரலால் தட்டி முடிக்க முள்ளிக்குளத்திலிருந்து சிலாவத்துறை வரை பிடித்தது. ‘நாங்கள் ஓய்வது வெள்ளி, ஞாயிறு அல்ல. கொடுப்பது நாற்பது, முப்பத்தொன்று அல்ல. மற்றதெல்லாம் சரி. நான் அறிந்த மட்டில் மிகவும் சரி. சின்னலெப்பை உள்ளே போனாரா? தயவுசெய்து சொல்லவும். இப்படிக்கு, மர்சூக், கொண்டக்டர், மன்னார்–முள்ளிக்குளம் பஸ்.’ பதில் வரவில்லை. மாதம் ஒன்று போனது. ஆறு வருசமாக அசையாத பக்கம் இனி அசையுமா என்று அவனும் மனதை விட்டுவிட்டான்.

முள்ளிக்குளம் சனத்தின் ஊர் அப்போது கடற்படை முகாமுக்குள் இருந்தது. மீளக்குடியேற வந்தவர்கள் பக்கத்து மலங்காட்டில் கொட்டில் போட்டு இருந்தார்கள். அங்கிருந்து கிழமைக்கு இரண்டு தரம் றஞ்சிதம் என்று ஒரு பெண் பஸ் ஏறுவா. நாற்பத்தைந்து வயது இருக்கும், கிறகரி என்ற வேதக்காரக் கடற்தொழிலாளியின் மனைவி. பள்ளிக்கூடச் சீருடை தைத்து மன்னார்க் கடைகளுக்குக் கொண்டுபோகிறவ. அதிகம் பேச்சு இல்லை. முன்பக்கம், சாரதிக்குப் பின்னால் இருக்கும் ஆசனம் கிடைத்தால் சந்தோசம், கிடைக்காவிட்டால் நிற்பா. இரண்டு வருசமாக மர்சூக் அவவுக்கு ரிக்கற் கிழித்துக் கொடுக்கிறான். துணி மூட்டையை ஏற்றி இறக்குகிறான். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் சனம் குறைவு. ரிக்கற்றை நீட்டியபோது றஞ்சிதம் அதை வாங்காமல் அவனுடைய முகத்தைப் பார்த்தா.

“ஞாயிறு பிழைதான் தம்பி” என்றா. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்குத் தெரியாமல் போச்சு.”

மர்சூக்குக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பஸ்ரியன் கண்ணாடியில் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தான், அவர் சிரிக்கவில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தார்.

றஞ்சிதத்தின் அம்மாவின் ஆண்டு நினைவு வந்ததாம். அம்மாவை நினைத்தபோது முத்துச்சிப்பி என்ற பெயரில் எழுதியதும் நினைவு வந்து, மகளின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாவாம். கருத்து ஒன்று என்றிருந்ததைக் கண்டு நெஞ்சு திக்கென்றதாம். கீழே பஸ்ஸின் பெயரை வாசித்ததும் சிரிப்பு வந்துவிட்டதாம். பக்கத்து ஆசனத்தில் குந்தச் சொன்னா. மர்சூக் குந்தினான். ஊரைவிட்டு எழும்பி மன்னாரில் இருந்த காலத்தில் ஒரு கொமினிக்கேசன் கடையில் தட்டச்சு வேலை செய்ததையும், சனம் இல்லாத நேரத்தில் அந்தக் கணினியில் எழுதியதையும் ஒவ்வொன்றாகச் சொன்னா. சோளகக் கரையை முள்ளிக்குளத்தில் பற்றரி றேடியோவில் ஒரு நாளும் விடாமல் கேட்டவவாம்.

“ஏன் அக்கா சின்னலெப்பை?” என்று மர்சூக் கேட்டான். “உங்கட ஆக்கள் எத்தினை பேர் அதிலை இருந்தவை.”

ஊர்ச் சவக்காலையில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று அம்மா கேட்டதை, மன்னாரில் இரவல் வளவில் செத்ததை, அங்கேயே தாட்டதை றஞ்சிதம் மூன்று வசனத்தில் சொல்லி முடித்தா. முப்பத்தொன்றுப் பூசைக்குக் கோயில் வாசல் வரை போய், உள்ளே போக மனம் வராமல் திரும்பி வந்ததையும் சொன்னா.

“ஆண்டவரோடை கோவம் எண்டு என்ரை பேரிலை எழுத எனக்குப் பயமா இருந்தது தம்பி. சின்னலெப்பையை எல்லாரும் பாத்துச் சிரிக்கிறவை, ஆரும் தேடி வர மாட்டினம் எண்டு நினைச்சன். அந்தாளின்ரை தலையிலை கட்டிவிட்டன்.”

இந்த ஐந்து வருசமாக ஒருவரிடமும் சொல்லாததை மர்சூக் அப்போது சொன்னான். வாப்பாவைப் பற்றி, புத்தளத்து மண்ணைப் பற்றி, வெள்ளிக்கிழமை மத்தியானப் பயணத்தைப் பற்றி. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. தன் கோபத்துக்கு ஒரு கூட்டாளி இரண்டு வருசமாகத் தன் பஸ்ஸிலேயே வந்து போயிருக்கிறா என்று நினைக்கச் சந்தோசமாகக்கூட இருந்தது.

“அப்ப, உள்ளுக்குப் போனாரா?” என்று கடைசியில் கேட்டான்.

தெரியாது என்றா. தான் போய்விட்டாவாம். முகாமுக்குள் இருக்கும் கோயிலுக்கு ஞாயிற்றுப் பூசைக்குக் கடற்படை சனத்தை விட்ட அன்று, கோபத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் பின்வாங்கில் குந்தினாவாம். ஆனால் அது றஞ்சிதத்தின் போக்கு. சின்னலெப்பை கோயிலுக்குப் போகிற ஆள் இல்லையே. பள்ளிவாசலுக்குள் காலெடுத்து வைத்தால் என்ன நடக்கும் என்று தெரியாமல்தான் ஒன்பதோடு நிறுத்தினாவாம்.

“நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்” என்றா.

மர்சூக் வலது காலை முதலில் வைப்பதிலிருந்து தொடங்கி முறைகளையெல்லாம் அடுக்கினான். றஞ்சிதம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தலையை ஆட்டினா.

“முறையை ஆரிட்டையும் கேக்கலாம் தம்பி. கனகாலம் போகாமல் இருந்தவனுக்கு அது எப்பிடி இருக்கும்? அதைச் சொல்லுங்கோ.”

மன்னாரில் மர்சூக் மூட்டையை இறக்கிக் கொடுத்தான். இன்னொரு நாள் சொல்கிறேன் என்றான். எப்படிச் சொல்வது? தெரிய வேண்டுமென்றால் ஒரே வழிதான். ஒரு கதை எழுதுகிற பெண்ணுக்கு உதவி செய்யப்போய் இப்படி மாட்டிக்கொண்டோமே என்று அவனுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானப் பயணத்தை எடுக்கச் சொல்லிச் சுகந்தனிடம் கேட்டான். சுகந்தன் ஒரு கேள்வியும் கேட்காமல் ரிக்கற் பொறியைத் தோளில் மாட்டிக்கொண்டு, இதைக் கேட்க உனக்கு இவ்வளவு காலம் பிடித்ததா என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினான். பஸ் போய்விட்டது. மர்சூக் சிலாவத்துறைப் பள்ளிக்கு நடந்தான். ஹவுளில் கால் கழுவினான். ஊரே திரும்பிப் பார்க்கும், ஹாஜியார் ஏதும் கேட்பார், என்ன சொல்வது என்று ஆயிரம் யோசனை. படியில் நின்றான். கால் காயும் முன்னே உள்ளே போய்விட்டான்.

அடுத்த செவ்வாய் றஞ்சிதம் ஏறியதும் அவன் ரிக்கற்றைக்கூடக் கிழிக்காமல் பக்கத்தில் வந்து குந்தினான்.

“ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை அக்கா. கடைசி வரிசையிலை நிண்ட ஒரு கிழவர் தோளை ஒதுக்கி இடம் விட்டார். அவ்வளவுதான். நேற்றும் வந்தவனுக்கு விடுற மாதிரி விட்டார்.”

றஞ்சிதம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டா. தனக்கும் பின்வாங்கில் ஒரு பெண் அப்படித்தான் நகர்ந்து இடம் விட்டா என்றா. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டா.

“வாப்பாவைப் பற்றிக் கேட்டனீங்களோ?”

“கேட்டன். நெத்தி நிலத்திலை பட்டதும் வேறை ஒண்டும் வரேல்லை. ஏன் ஒரு மழைக்காலம் பொறுக்கேல்லை எண்டுதான் கேட்டன்.”

“மறுமொழி?”

“இல்லை அக்கா.” மர்சூக் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம் இன்னும் கொஞ்சம் இருந்தது, ஆனால் அது பழைய கோபம் இல்லை. “கேட்டு முடிக்கேல்லை. இனி வெள்ளி மத்தியானப் பயணம் சுகந்தனுக்குத்தான். முதலாளியிட்டையும் சொல்லிப்போட்டன்.”

றஞ்சிதம் மகளின் போனைக் கைப்பையிலிருந்து எடுத்தா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பஸ் குலுங்கக் குலுங்க ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தொடங்கினா. பத்தாம் அத்தியாயம். மர்சூக்குக்குத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. முதல் வரி மட்டுமாவது தெரிந்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் எழும்பி, பார்க்காமல், பின்பக்கம் ஏறியவர்களுக்கு ரிக்கற் கிழிக்கப் போனான்.